காற்று கட்டிப்போட்ட கார்கள்

1987ஆம் ஆண்டு மே 3. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள டாலடேகா சூப்பர்ஸ்பீட்வேயில் 500 மைல் பந்தயம் தொடங்கி இருபது சுற்றுகள் கடந்திருந்தன. பாபி ஆலிசன் ஓட்டிய பியூக் காரின் என்ஜினிலிருந்து தெறித்த துண்டு ஒன்று வலப் பின் டயரைக் கிழித்தது. கார் சுழன்று, பின்புறம் முன்னுக்கு வந்தது. அடுத்த கணம் அதன் பின்பாகம் தரையை விட்டு எழும்பியது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மேலே கிளம்பிய கார், பார்வையாளர் மாடத்துக்கு முன்னால் இருந்த கம்பிவேலியை ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்குப் பிய்த்துவிட்டு, மறுபடி தடத்திலேயே விழுந்தது. பார்வையாளர்கள் சிலருக்குக் காயம், உயிரிழப்பு இல்லை. ஆலிசனும் பிழைத்தார். அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த மகன் டேவி இதைத் தன் பின்நோக்குக் கண்ணாடியில் பார்த்தார். வேலியைச் செப்பனிட இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மீண்டும் தொடங்கிய பந்தயத்தில் டேவிதான் வென்றார்.

மூன்று நாளுக்கு முன்புதான் இதே தடத்தின் தகுதிச் சுற்றில் பில் எலியட் சராசரியாக மணிக்கு 212.809 மைல், அதாவது 342 கி.மீ. வேகத்தைத் தொட்டிருந்தார். நாஸ்கார் வரலாற்றின் அதிவேகத் தகுதிச் சுற்று இன்றைக்கும் அதுதான். அந்தச் சாதனை இன்றும் நிலைப்பது என்ஜின்களோ ஓட்டுநர்களோ தளர்ந்துவிட்டதால் அல்ல. கார் கூட்டத்துக்குள் பாயும் நிலையைக் கண்ட நிர்வாகிகள், 1988 முதல் இந்த வகைத் தடங்களில் என்ஜினுக்குப் போகும் காற்றையே குறைத்துவிட்டார்கள்.

அந்த விதி வேகத்தைக் குறைத்தது. கூடவே, யாரும் திட்டமிடாத ஒன்றையும் செய்தது. தனித்தனியாக ஓடிய நாற்பது கார்களை ஒரே திரளாகக் கட்டிவிட்டது. ஒரு கார் பறப்பதைத் தடுக்க வந்த விதி, இருபது முப்பது கார்கள் சேர்ந்து நொறுங்குவதற்கு வழி திறந்தது. இந்த முரண் எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். அதற்குத் தடத்தில் தொடங்கிக் காற்றுக்கு வர வேண்டும்.

சாய்த்துக் கட்டிய சாலை

நாஸ்கார் 1948இல் பில் ஃபிரான்ஸ் என்பவர் முன்னின்று தொடங்கிய அமைப்பு. கடைகளில் விற்கும் கார்களை ஒத்த உருவமுடைய கார்களை ஓட்டுவதால் இவை ஸ்டாக் கார் பந்தயங்கள். உருவம் மட்டும்தான் ஒத்திருக்கும். உள்ளே எஃகுக் குழாய்க் கூண்டும் 5.86 லிட்டர் வி-8 என்ஜினும் இருக்கும். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010இல் இதே அமைப்பின் டிரக் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறார்.

தொடக்க காலத்தில் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலிலேயே பந்தயம் நடந்தது. பில் ஃபிரான்ஸுக்கு அது போதவில்லை. உலகின் எந்தத் தடத்தையும்விட வேகமான ஒன்று வேண்டும், எங்கே உட்கார்ந்தாலும் கார்கள் கண்ணில் பட வேண்டும் என்று விரும்பினார். 1959இல் திறக்கப்பட்ட டேடோனா தடத்தின் ஒரு சுற்று 2.5 மைல், அதாவது 4 கி.மீ. அதன் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்தவை. பத்தாண்டு கழித்துத் திறக்கப்பட்ட டாலடேகா 2.66 மைல், சாய்வு 33 டிகிரி. சூப்பர்ஸ்பீட்வே என்றாலே ரசிகர்களுக்கு நினைவுக்கு வருபவை இந்த இரண்டும்தான்.

டேடோனாவை வடிவமைத்த சார்லஸ் மனிபென்னி, மிச்சிகனில் இருந்த ஃபோர்டு நிறுவனத்தின் சோதனைத் தடத்தைப் பார்த்துச் சாய்வின் கணக்கை அறிந்துவந்தார். 12 மீட்டர் அகலமுள்ள தடத்தை 31 டிகிரி சாய்த்தால் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 6 மீட்டர் உயரத்தில் நிற்கும். அத்தனை சரிவில் தார் போடும் இயந்திரம் நிற்காது. உருண்டு கீழே வந்துவிடும். ஆகவே மேட்டின் உச்சியில் புல்டோசர்களை நிறுத்தி, அவற்றோடு கட்டி இழுத்துப் பிடித்தபடி சாலை போட்டார்கள். மேட்டுக்கு மண் எடுத்த பள்ளம், தடத்தின் நடுவே இன்றும் ஏரியாகக் கிடக்கிறது.

இந்தச் சாய்வு என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். டேடோனா வளைவின் ஆரம் சுமார் 305 மீட்டர். மணிக்கு 306 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் வரும் காரை அந்த வளைவில் திருப்ப, அதன் எடையைப் போல 2.4 மடங்கு விசை உட்பக்கமாகச் செயல்பட வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள காருக்கு, அது 3,600 கிலோ எடைக்குச் சமமான விசை. தட்டையான சாலையில் இதை முழுக்க முழுக்க டயரின் உராய்வுதான் தர வேண்டும். அதற்கு உராய்வுக் கெழு 2.4 இருக்க வேண்டும். வட்டத்தடப் பந்தய டயர்களிடம் அவ்வளவு பிடி கிடையாது. கார் நேரே போய்ச் சுவரில் மோதும்.

31 டிகிரி சாய்த்துவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. திரும்பும்போது தோன்றும் விசையின் ஒரு பகுதி காரைத் தடத்தின் மேல் அழுத்தப் பயன்படுகிறது. டயர்கள் மேல் இறங்கும் சுமை, காரின் எடையைப் போல 2.1 மடங்காகிறது. பக்கவாட்டில் தாங்க வேண்டிய விசையோ 1.55 மடங்காகக் குறைகிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், தேவைப்படும் உராய்வுக் கெழு வெறும் 0.74. நல்ல டயர் எளிதாகத் தரக்கூடிய அளவு இது. மணிக்கு 152 கி.மீ. வேகத்தில் போனால், உராய்வே தேவையில்லை. சாய்வு மட்டுமே காரைத் திருப்பிவிடும்.

உள்ளே உட்கார்ந்திருப்பவரின் உடலுக்கும் இதே கணக்குத்தான். 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் 150 கிலோவைத் தாண்டிய எடையோடு இருக்கையில் அழுந்துகிறார். மூன்றரை மணி நேரம், சுற்றுக்குச் சுற்று.

வளைவு இனி வேகத்தைத் தடுக்காது என்றான பிறகு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டியதில்லை. அப்படியானால் வேகத்துக்கு எல்லை போடுவது எது? காற்று.

காற்று என்னும் சுவர்

நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போகும்போது, காரின் முகத்தில் மோதி நிற்கும் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 440 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தருகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை அவ்வேகத்தில் வெல்ல வேண்டிய என்ஜின் திறன் எட்டு மடங்காகும். இந்தக் கன விதிதான் சூப்பர்ஸ்பீட்வேயின் அடிப்படைச் சட்டம். வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட விரும்பும் குழு, என்ஜின் திறனை 33 விழுக்காடு கூட்ட வேண்டும். என்ஜினில் எவ்வளவு பாடுபட்டாலும் கைக்குக் கிடைக்கும் வேகம் கொஞ்சம்தான்.

ஆனால் காற்றுத்தடையையே குறைக்க முடிந்தால்? 1960இல் டேடோனாவில் ஜூனியர் ஜான்சன் கண்டது அதைத்தான். அவருடைய ஷெவர்லே, போட்டியிட்ட போன்டியாக் கார்களைவிட வேகம் குறைவானது. பயிற்சியின்போது ஒரு போன்டியாக்கின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனவர், தன் காரால் தனியாக எட்டவே முடியாத வேகத்தில் தான் போய்க்கொண்டிருப்பதை உணர்ந்தார். பந்தயம் முழுக்க அதையே உத்தியாகக் கையாண்டார். முடிவுக்குச் சில சுற்றுகளே இருந்தபோது, முன்னிலையில் இருந்த பாபி ஜான்ஸின் போன்டியாக்கிலிருந்து பின்புறக் கண்ணாடி அப்படியே பிய்ந்துகொண்டு பறந்தது. கார் சுழன்றது, ஜான்சன் வென்றார்.

ஜான்சனுக்கு உதவியதும், ஜான்ஸின் கண்ணாடியைப் பிடுங்கியதும் ஒரே காற்றுதான். வேகமாகப் போகும் கார் காற்றைக் கிழித்து இருபுறமும் தள்ளுகிறது. அந்தக் காற்றால் காரின் பின்னால் உடனே வந்து சேர முடிவதில்லை. அங்கே அழுத்தம் குறைந்த, சுழன்று கொந்தளிக்கும் வெளி ஒன்று உண்டாகிறது. காரின் முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. இந்த வேறுபாடே காரைப் பின்னுக்கு இழுக்கும் தடையின் பெரும்பகுதி. ஜான்ஸின் காருக்குள் இருந்த சாதாரண அழுத்தம், வெளியே குறைந்திருந்த அழுத்தத்தை நோக்கிக் கண்ணாடியைத் தள்ளிவிட்டது. நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கடந்துபோனதும் சாலையோரச் சருகுகள் அதன் பின்னாலேயே ஓடுவதைப் பார்த்திருப்போம். ஜான்சனின் கார் அந்தச் சருகின் இடத்தில் இருந்தது.

இப்படிப் பின்னால் ஒட்டி ஓடுவதைப் பந்தயக்காரர்கள் டிராஃப்டிங் என்கிறார்கள். இதில் பலருக்குத் தெரியாத செய்தி, முன்னால் போகிறவருக்கும் இதில் லாபம் உண்டு என்பது. பின்கார் நெருங்கி வரும்போது, அதன் மூக்குக்கு முன்னால் குவிந்திருக்கும் உயர் அழுத்தக் காற்று, முன்காரின் பின்னால் இருக்கும் தாழ் அழுத்த வெளியை நிரப்புகிறது. முன்காரைப் பின்னுக்கு இழுத்த பிடி தளர்கிறது. ஆகவே இரண்டு கார்கள் சேர்ந்தால், இரண்டில் எதுவும் தனியாகப் போகும் வேகத்தைவிட அதிக வேகத்தில் போகும். மூன்றாவது சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். வரிசை நீள நீள வேகம் கூடும்.

மூச்சைக் குறைத்த தகடு

1988 முதல் டேடோனாவிலும் டாலடேகாவிலும் கட்டாயமான கருவி மிக எளியது. கார்புரேட்டருக்கும் அதன் கீழே உள்ள காற்றுப் பாதைக்கும் நடுவே செருகும் ஓர் உலோகத் தகடு. அதில் நான்கு துளைகள். ஒவ்வொன்றின் விட்டமும் ஓர் அங்குலமோ அதற்குச் சற்றுக் குறைவோ இருக்கும். காற்று குறைந்தால் எரியும் பெட்ரோலும் குறையும். திறன் தானாக இறங்கும். மற்ற தடங்களில் 700ஐத் தாண்டிய குதிரைத்திறன், பின்னாளில் இந்தத் தகட்டால் 450 அளவுக்கு வந்தது. 2019 டேடோனா 500 பந்தயத்தோடு தகடு விடைபெற்றது. இப்போது கூம்பு வடிவத் துளைகள் கொண்ட தடுப்பான் அதே வேலையைச் செய்கிறது. 2022இல் வந்த புதிய தலைமுறைக் கார்களுக்குப் பெரும்பாலான தடங்களில் 670 குதிரைத்திறனும், சூப்பர்ஸ்பீட்வேக்களில் 510ம் வகுக்கப்பட்டன.

கன விதி இங்கே திரும்ப வருகிறது. திறனில் கிட்டத்தட்ட கால் பங்கை வெட்டினாலும், வேகம் குறைவது ஏறக்குறைய 9 விழுக்காடுதான். திறனைப் பெரிதாகக் குறைத்தும் வேகம் சிறிதளவே இறங்குவதால், கார்கள் அப்போதும் மணிக்கு 300 கி.மீ.யை ஒட்டியே ஓடுகின்றன. ஆனால் அவற்றின் குணம் அடியோடு மாறிவிடுகிறது.

தகடு வருவதற்கு முன், நல்ல என்ஜின் உள்ளவர் நேர்ச்சாலையில் விலகிப் போவார். வளைவில் சரியாகத் திருப்பத் தெரியாதவர் பின்தங்குவார். சில சுற்றுகளில் கூட்டம் கலைந்து, கார்கள் தடமெங்கும் பரவிவிடும். தகடு வந்த பிறகு எல்லா என்ஜினும் ஒரே அளவு காற்றைத்தான் உறிஞ்சும். யாருக்கும் காலைத் தூக்க வேண்டிய அவசியம் இல்லை. என்ஜின் வேறுபாடும் ஓட்டும் திறமையின் வேறுபாடும் வேகத்தில் தெரியாமல் போகின்றன. மிஞ்சுவது காற்றுத்தடையில் கிடைக்கும் லாபம் ஒன்றே. அது கூட்டத்துக்குள் இருப்பவருக்குத்தான் கிடைக்கும். தனியே விலகுபவர் பின்தங்கிவிடுவார். எனவே எல்லோரும் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். முப்பது, நாற்பது கார்கள் இரண்டு மூன்று வரிசைகளாக, ஒரு கை நீட்டினால் தொடும் இடைவெளியில், 500 மைல் ஓடுகின்றன.

துணையில்லாமல் முந்த முடியாது

இந்தக் கூட்டத்துக்குள் முந்துவது எப்படி? வரிசையில் ஐந்தாவதாக இருப்பவர் தனியாகப் பக்கத்தில் விலகினால், அந்தக் கணமே முழுக் காற்றும் அவர் முகத்தில் அறையும். பின்னாலிருந்து தள்ள யாரும் இல்லை. அவரைப் பார்த்தபடியே முழு வரிசையும் கடந்துபோய்விடும். பின்னால் இருப்பவரும் கூடவே விலகி வந்தால்தான் அந்த முயற்சி பலிக்கும். அந்தப் பின்னவரோ இன்னொரு குழுவைச் சேர்ந்த போட்டியாளர். கூட வருவது தனக்கு லாபமா, இவரைக் கைவிட்டு இடத்தை நிரப்புவது லாபமா என்று அவர் அரை நொடியில் முடிவெடுக்கிறார். மாடத்தின் கூரையில் நிற்கும் ஸ்பாட்டர்கள், எந்த வரிசை வேகமெடுக்கிறது, பின்னால் வருபவர் துணையா எதிரியா என்று வானொலியில் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பக்கவாட்டிலும் காற்றுப் போர் உண்டு. முந்திச் செல்லும் காரின் பின்சக்கரத்தை ஒட்டித் தன் மூக்கைக் கொண்டுபோனால், விலகும் காற்று அந்தக் காரின் பின்முனையில் நிமிர்ந்து நிற்கும் ஸ்பாய்லர் என்னும் பலகைமேல் போய் விழும். முந்துபவரின் தடை கூடி அவர் தளர்வார். இதற்குச் சைடு டிராஃப்டிங் என்று பெயர். மாறாக, பின்மூலையில் தவறான கோணத்தில் நெருங்கினால் ஸ்பாய்லருக்குப் போக வேண்டிய காற்றே திருடப்படும். முன்காரின் பின்டயர்கள் பிடியை இழந்து, தொடாமலேயே கார் சுழலக்கூடும்.

இந்தக் கலையில் தேர்ந்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டவர் டேல் எர்ன்ஹார்ட். அவரால் காற்றைக் கண்ணால் பார்க்க முடியும் என்று மற்ற ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் டாலடேகாவில், முடிவுக்கு ஐந்து சுற்றுகள் இருந்தபோது அவர் 18ஆவது இடத்தில் இருந்தார். கென்னி வாலஸ் அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு தள்ளினார். எர்ன்ஹார்ட் இடைவெளிகளைத் தேடித் தேடி நுழைந்து முதலாவதாக வந்தார். அவர் பெற்ற கடைசி வெற்றி அதுதான்.

கூட்டுறவை அதன் எல்லைவரை கொண்டுபோன ஆண்டு 2011. டேடோனா தடத்துக்குப் புதிதாகச் சாலை போட்டிருந்தார்கள்; டயர்களுக்கு நல்ல பிடி கிடைத்தது. இரண்டு இரண்டு கார்களாகப் பம்பரோடு பம்பர் ஒட்டி, ஒரே வண்டிபோல ஓடினால் மற்ற எல்லாரையும்விட வேகம் என்று ஓட்டுநர்கள் கண்டுகொண்டார்கள். இதில் ஒரே தடை, பின்காரின் ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காமல் என்ஜின் கொதிப்பது. அதனால் இருவரும் அவ்வப்போது இடம் மாறிக்கொண்டார்கள். நாஸ்கார் நிர்வாகம் குளிர்விக்கும் காற்றுத் திறப்பைச் சிறிதாக்கி, என்ஜின் சீக்கிரம் சூடாகும்படி செய்துதான் இந்த இணைகளைப் பிரித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் டாலடேகா பந்தயத்தில் முன்னிலை 88 முறை கைமாறியது; வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்தது 0.002 நொடி.

பிக் ஒன்

இவ்வளவு நெருக்கத்துக்கு விலை உண்டு. நொடிக்கு 85 மீட்டர் போகும் ஓட்டுநர், முன்னால் ஏதோ நடப்பதைக் கண்டு காலை அசைக்கக் கால் நொடியாவது ஆகும். அந்தக் கால் நொடியில் கார் 21 மீட்டர், அதாவது நான்கு கார் நீளம் போய்விடும். முன்காருக்கும் அவருக்கும் உள்ள இடைவெளியோ ஒரு மீட்டர்கூட இல்லை. அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், பிரேக்கை நினைப்பதற்குள் மோதல் முடிந்திருக்கும். ரசிகர்களும் ஓட்டுநர்களும் பிக் ஒன் என்று அழைக்கும் பெருவிபத்து இப்படித்தான் நிகழ்கிறது.

தொடங்கி வைப்பது பெரும்பாலும் சின்னத் தள்ளல். பின்னாலிருந்து பம்பரில் தட்டித் தள்ளுவது முன்காருக்கு உதவிதான், தள்ளும் விசை அதன் எடை மையத்தின் வழியாகச் செல்லும்வரை. கொஞ்சம் இடமோ வலமோ விலகித் தட்டினால், விசை காரை முன்னே தள்ளுவதோடு திருப்பவும் செய்யும். தள்ளுபவரையும் பின்னாலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டிருப்பார். அவர் விரும்பினாலும் விலக முடியாது. 2024 அக்டோபரில் டாலடேகாவில் பந்தயம் முடியும் தறுவாயில், முன்னிலையில் இருந்த கார் இப்படித் தள்ளப்பட்டுச் சுழன்றது. பின்னால் வந்த கூட்டம் அதன்மேல் குவிந்தது. 28 கார்கள் சிக்கின. ஓட்டுநர் எவருக்கும் உயிராபத்து நேரவில்லை.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. கார்கள் பரவி ஓடும் பந்தயத்தில் ஒருவர் பிழை அவரோடு முடியும். எல்லாரையும் ஒருவரோடொருவர் பிணைத்த பந்தயத்தில் ஒருவர் பிழை எல்லாருக்கும் பரவும். தகடு ஒவ்வொரு காரின் ஆபத்தையும் குறைத்தது. கூட்டத்தின் ஆபத்தைக் கூட்டிவிட்டது. ஓர் அமைப்பின் பாகங்களைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்தினால் மொத்தமும் கட்டுப்படும் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பறக்காமல் பிடித்து வைக்க

தகட்டாலும் பறப்பதை முழுமையாக நிறுத்த முடியவில்லை. முன்னோக்கிப் போகும் கார்மேல் பாயும் காற்று, ஸ்பாய்லரில் மோதி அதைத் தரையோடு அழுத்துகிறது. அதே கார் பின்புறமாகத் திரும்பிவிட்டால், கூரையின் வளைவு விமான இறக்கையைப் போல வேலை செய்யத் தொடங்கும்; மேலே அழுத்தம் குறைந்து கார் எழும்பும். 1993இல் ரஸ்டி வாலஸின் கார் டேடோனாவில் ஒரு முறையும் டாலடேகாவில் ஒரு முறையும் பலமுறை குட்டிக்கரணம் அடித்தது.

அடுத்த ஆண்டே கூரையில் கீல் வைத்த மடிப்புத் தகடுகள் பொருத்தப்பட்டன. இவற்றின் அழகு, மோட்டாரோ மின்சுற்றோ இல்லாமல் இயங்குவது. கார் நேராக ஓடும்வரை தகடுகள் கூரையோடு படிந்திருக்கும். கார் திரும்பிக் கூரைமேல் அழுத்தம் குறையத் தொடங்கியதும், எந்த உறிஞ்சல் காரைத் தூக்கப் பார்க்கிறதோ அதுவே தகடுகளையும் தூக்கி நிறுத்திவிடும். நிமிர்ந்த தகடு வழுவழுப்பான காற்றோட்டத்தைக் கலைக்க, தூக்கும் விசை அறுந்துபோகும். ஆபத்தே தனக்கான தடுப்பை இயக்கும்படி செய்த இந்த ஏற்பாட்டை, பொறியியலின் மிகச் சிறந்த தீர்வுகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். ஆனாலும் சறுக்கும் கார் புல்தரையில் இறங்கி மண்ணில் குத்தினால் தகடுகளால் பயனில்லை. 2023 ஆகஸ்டில் டேடோனாவில் ரயன் ப்ரீஸின் கார் அப்படித்தான் புல்லில் உருண்டு உருண்டு போனது. அவர் மறுநாளே மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தார். அந்தப் பகுதியில் புல்லை அகற்றிச் சாலை போட்டார்கள்.

மோதலை நீட்டித்தல்

2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், கடைசி வளைவில், டேல் எர்ன்ஹார்ட்டின் கார் இன்னொன்றோடு உரசி மேலேறிக் கான்கிரீட் சுவரில் மோதியது. பார்ப்பதற்கு அது கோரமான விபத்தாகவே தெரியவில்லை. கார் உருளவில்லை, பறக்கவில்லை. ஆனால் எர்ன்ஹார்ட் இறந்துபோனார். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்திருந்தது. அதற்கு முந்திய பத்து மாதங்களுக்குள் நாஸ்கார் பயிற்சிகளிலும் பந்தயத்திலுமாக ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் ஆகிய மூவரும் சுவரில் மோதி உயிரிழந்திருந்தார்கள்.

நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போகும் 1,500 கிலோ காரில் இருக்கும் இயக்க ஆற்றல் 50 லட்சம் ஜூலுக்கு மேல். எவ்வளவு ஆற்றல் என்பதைவிட, அது எவ்வளவு நேரத்தில், எதன் வழியாக வெளியேறுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. கார் சட்டென்று நிற்க, ஹெல்மெட்டின் எடையோடு தலை முன்னால் பாய, கழுத்தும் மண்டையும் சேரும் இடம் முழு இழுப்பையும் தாங்க நேர்கிறது.

இதற்கான தீர்வு அப்போதே இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரியந்திரவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், பந்தய ஓட்டுநரான மைத்துனர் ஜிம் டவுனிங்குடன் சேர்ந்து 1980களிலேயே ஹான்ஸ் என்னும் கருவியை உருவாக்கியிருந்தார். தோள்மேல் அமரும் நுகம் போன்ற சட்டம் அது. அதிலிருந்து இரண்டு பட்டைகள் ஹெல்மெட்டைப் பிடித்திருக்கும். தலையும் உடலோடு சேர்ந்தே நிற்கும். அசௌகரியம் என்று பலர் அதை அணியாமல் இருந்தார்கள், எர்ன்ஹார்ட்டும் அணியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் தலை, கழுத்துப் பாதுகாப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

இன்னொரு மாற்றம் சுவரில் வந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் தலைமையிலான குழு, எஃகுக் குழாய்களை அடுக்கி, அவற்றுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நுரைக்கட்டிகளை வைத்த சேஃபர் தடுப்பை உருவாக்கியது. மோதும்போது சுவரே உள்வாங்கி, மோதல் நீடிக்கும் நேரத்தைக் கூட்டும். நேரம் கூடக் கூட உடலின் மேல் விழும் உச்ச விசை குறையும். 2002இல் இண்டியானாபோலிஸில் முதலில் நிறுவப்பட்டு, பிறகு எல்லாப் பெரிய தடங்களுக்கும் வந்தது. எர்ன்ஹார்ட்டுக்குப் பிறகு நாஸ்காரின் முதல் மூன்று தேசியத் தொடர்களின் பந்தயங்களில் எந்த ஓட்டுநரும் விபத்தில் இறக்கவில்லை. 2020 டேடோனா 500 பந்தயத்தின் இறுதியில் ரயன் நியூமனின் கார் கவிழ்ந்து, இன்னொரு கார் ஓட்டுநர் பக்கத்திலேயே வந்து மோதியது. இரண்டு நாளில் அவர் தன் இரு மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியேறினார்.

தீராத கணக்கு

ஆனாலும் கணக்கு தீர்ந்துவிடவில்லை. 2022இல் வந்த புதிய கார் கூண்டின் வலிமையில் பழையதைவிடச் சிறந்தது; ஆனால் பின்பாகம் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தது. நசுங்க வேண்டிய இடம் நசுங்காததால் மோதலின் அதிர்வு ஓட்டுநரிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு பொக்கோனோ தடத்தில் பின்பக்கமாகச் சுவரில் மோதிய கர்ட் புஷ் மூளை அதிர்ச்சிக்கு ஆளாகி, அத்தோடு முழுநேரப் பந்தயத்திலிருந்தே ஒதுங்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு பின்சட்டத்தை இளக்கமாக மாற்றி அமைத்தார்கள். வலிமை கூடினாலே பாதுகாப்பு கூடும் என்பது இங்கேயும் பொய்த்தது.

கூட்டத்தின் சிக்கலும் அப்படியே இருக்கிறது. இந்தப் புதிய கார்களில் முந்துவது இன்னும் கடினம். தடத்தில் முந்த முடியாதவர்கள் பெட்ரோல் நிரப்பும் நேரத்தில் முந்தப் பார்க்கிறார்கள். கூட்டத்துக்குள் ஒளிந்தபடி ஆக்சிலரேட்டரைப் பாதி மட்டும் மிதித்து எரிபொருளைச் சேமித்தால், நிறுத்தத்தில் சில நொடிகள் மிச்சம். இதனால் பந்தயத்தின் நடுப்பகுதியில் முழு வேகத்தில் ஓடவே யாரும் முன்வருவதில்லை. திறனைக் கூட்டினால் கார்கள் பரவும். ஆனால் பறக்கும் வேகத்தை நெருங்கும். குறைத்தால் பறக்காது, ஆனால் கூட்டம் இறுகும். இரண்டுக்கும் நடுவே ஒரு பாதுகாப்பான புள்ளி இருக்கிறதா என்று முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பார்வையில், இதற்கான விடை என்ஜினில் இல்லை. இத்தனை ஆண்டுகளில் உயிரைக் காத்தவை எல்லாம், ஆற்றல் போக வேண்டிய வழியைத் திருப்பிவிட்ட ஏற்பாடுகளே: கூரைத் தகடு, தோள் நுகம், உள்வாங்கும் சுவர், நசுங்கும் சட்டம். கூட்டத்தைக் கலைப்பதற்கும் இதே அணுகுமுறை வேண்டும். ஸ்பாய்லரின் உயரம், காரின் அடிப்பகுதி, பம்பரின் வடிவம் ஆகியவற்றின் வழியாக, ஒருவர் விலகிப்போனாலும் தண்டிக்காத காற்றோட்டத்தை உருவாக்குவதுதான் அடுத்த பணி. வேலியும் கூரைத் தகடும் கழுத்துப் பட்டையும் விபத்துக்குப் பிறகுதான் சீர்செய்யப்பட்டன அல்லது கட்டாயமாயின. இந்தப் பணியையாவது இன்னொரு விபத்துக்குக் காத்திராமல் செய்ய வேண்டும்; அதற்கான கணினியும் காற்றுச் சுரங்கமும் இன்று கையில் இருக்கின்றன.